வேலியும் ஓணானும்

தமிழ் மாணவர் மலரில் ஓணானுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். காதற் கவிதைக்கு இம்மலரில் இடம் உண்டு. ஊர் நினைவுக்கு இடம் உண்டு. மராட்டிய மண்ணில் நல்ல சாம்பார் கிடைக்காத துயரத்துக்கு ஆண்டுதோறும் இரண்டு பக்கமாவது உண்டு. நாம் புனேக்கு இரயிலேறி வருமுன்பே இங்கே குடியிருந்து, வீட்டு வேலியில் அமர்ந்து நாள் முழுவதும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் உயிருக்கு ஒரு பக்கம் கொடுத்தால் மலர் வாடிவிடாது.

நான் சொல்ல வந்தது இதுதான். விடுமுறை வந்தால் நம்மில் வசதியுள்ளவர்கள் புலி பார்க்கத் தடோபாவுக்குப் போகிறார்கள். போய் வந்து, புலியின் வாலைக் கண்டோம் என்று மகிழ்கிறார்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை; இருந்தாலும் சிறிதளவே. ஆனால் வீட்டுத் தோட்டத்து ஓணானை நின்று பார்ப்பதும், இடமும் நாளும் குறித்துப் படமெடுத்து வைப்பதும், அறிவுக்குச் செய்யும் தொண்டு என்ற அளவில் புலிப் பயணத்தைவிட மேலானவை என்பது என் கருத்து. அத்தொண்டு நடைபெற வேண்டுமானால் வீட்டைச் சுற்றி வேலி இருக்க வேண்டும். இன்று இந்நகரில் மறைந்துவருவது அந்த வேலிதான்.

முதலில் நம்மவர் மனத்தில் ஓணான்மேல் உள்ள பழைய பகையைப் பேசித் தீர்த்துவிடுவோம். இராமபிரான் தாகத்தால் வருந்தியபோது அணில் இளநீர் கொடுத்ததாம். ஓணான் சிறுநீர் கொடுத்ததாம். இந்தக் கதை எந்தக் காவியத்திலிருந்து வந்ததென்று எவரும் கேட்பதில்லை. கல்லெடுக்க ஒரு காரணம் கிடைத்தது, போதும். தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்கிட்டுப் பிடிப்பதும், வாயில் மூக்குப்பொடியைத் திணித்து அது கிறுகிறுத்து ஆடுவதைக் கண்டு கைகொட்டுவதும் நம் ஊர்களில் பிள்ளை விளையாட்டாகவே இருந்துவந்தன. பழமொழியிலும் அதற்கு நல்ல பெயர் இல்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையென்று, வம்பை விலைக்கு வாங்குகிறவனைச் சொல்கிறோம். கொங்கு நாட்டில் ஓடக்கான், மதுரைப் பக்கம் கரட்டான் என்று பெயர் மாறினாலும் கல் மாறுவதில்லை. போதாக்குறைக்கு, கட்சி மாறுகிறவர்களைப் பச்சோந்தி என்று மேடைதோறும் ஏசுகிறோம். பச்சோந்தி வேறு, ஓணான் வேறு. பச்சோந்தி அடிமேல் அடிவைத்து நடப்பது. கண்களைத் தனித்தனியே சுழற்றுவது. நீண்ட நாக்கை எறிந்து பூச்சியைப் பிடிப்பது. ஓணான் விழுந்தடித்து ஓடுவது. அரசியல்வாதி இரண்டில் எதைப் போன்றவர் என்பதை நண்பர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இப்படிப் பழித்த நாம்தான் ஒரு காலத்தில் அதை உற்று நோக்கியவர்களும். குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் பாடிய பாலைப் பாட்டு ஒன்றில் முதிர்ந்த ஆண் ஓந்தி ஒன்று வருகிறது. அதன் முதுகில் வரிசையாக நிற்கும் முட்களுக்கு அப்பெண்பாற் புலவர் கண்ட உவமை, பல்வைத்த அரிவாள். வழிப்போக்கர் அதை வைத்து நிமித்தம் பார்க்கின்றனர். பாட்டு என்னவோ காதலனின் பிரிவைப் பற்றியது. ஆனால் அந்த முதுகை அருகில் நின்று, வெயிலில், பொறுமையாகப் பார்த்திராதவருக்கு அந்த உவமை வாய்க்காது. இலக்கிய மாணவர்கள் இதைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதுகிறார்கள். எத்தனை பேர் ஓந்தியின் முதுகைப் பார்த்திருக்கிறார்கள்?

பார்ப்பதற்கு அது தரும் காட்சிகளோ ஏராளம். நான் குடியிருக்கும் வீட்டின் பின்புறம் ஒரு சிறு தோட்டம். ஒரு மாதுளை, ஒரு செம்பருத்தி, மூன்று பக்கம் மருதாணி வேலி. காலை எட்டு மணியளவில் ஓணான் வேலியின் உச்சிக்கு வருகிறது. அப்போது அதன் நிறம் கருமை கலந்த பழுப்பு. உடலைத் தட்டையாக்கி, விலாவைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி, அசையாமல் இருக்கிறது. உடல் சூடேற ஏற நிறம் வெளுக்கிறது. இலை பச்சையானால் அதுவும் பச்சையாகும், மண் சிவப்பானால் அதுவும் சிவப்பாகும் என்று நாம் கேட்டிருப்பது பெரும்பாலும் பொய். வெப்பமும் மனநிலையுமே அதன் நிறத்தை ஆள்கின்றன. தோலுக்குள் இருக்கும் கருநிறத் துகள்கள் பரவினால் மேனி கறுக்கிறது, ஒடுங்கினால் வெளுக்கிறது. காலையில் கறுப்பாக இருப்பது வெயிலை விரைவாக உறிஞ்சிக்கொள்ளத்தான். நாம் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மே மாத வெயிலில் நின்றால் தெரியும் உண்மை அதற்குப் பிறவியிலேயே தெரிந்திருக்கிறது.

கோடை முற்றும்போது ஆண் ஓணானின் கோலம் மாறுகிறது. தலையும் தோளும் செங்கல் நிறத்திலிருந்து குங்கும நிறத்துக்கு ஏறுகின்றன. தொண்டையின் இரு பக்கமும் கரும்பட்டை தோன்றுகிறது. உயரமான கம்பின்மேல் ஏறி நின்றுகொண்டு, முன்கால்களை ஊன்றி, உடலை உயர்த்தித் தாழ்த்தித் தண்டால் எடுக்கிறது. நம் விடுதிப் பயில்வான்கள் கண்ணாடி முன் நின்று செய்வதை அது வேலிமேல் நின்று செய்கிறது, நோக்கம் ஒன்றே. எதிர் வேலியில் இன்னோர் ஆண் வந்துவிட்டால் இரண்டும் பக்கவாட்டில் நின்று உடலைப் பெருக்கிக் காட்டும். ஒன்று தோற்கும். தோற்றதின் செந்நிறம் நம் கண்ணெதிரே வடிந்து, மண் நிறமாகி, அது இறங்கி ஓடிவிடும். இந்தச் செந்நிறத் தொண்டையைக் கண்ட ஆங்கிலேயர் இதற்கு இரத்தமுறிஞ்சி என்று பெயரிட்டுப் போனார்கள். பூச்சியும் எறும்பும் தின்று வாழும் இது யார் இரத்தத்தையும் உறிஞ்சியதில்லை. பெயரிட்டவர்களைப் பற்றி வரலாற்று மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

மழை இறங்கி மண் நெகிழ்ந்ததும் பெண்ணின் முறை. வேலியடியில் வெறும் மண் உள்ள இடமாகத் தேடி, முன்கால்களால் குழி பறித்து, வெண்மையான மெல்லோட்டு முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, தலையால் இடித்து இடித்துக் கெட்டிப்படுத்திவிட்டுப் போய்விடுகிறது. அப்புறம் திரும்பிப் பார்ப்பதில்லை. பத்து, இருபது முட்டைகள் மண்ணின் ஈரத்தையும் சூட்டையும் நம்பிக் கிடக்கின்றன. ஒன்றரை இரண்டு மாதத்தில் ஈர்க்குச்சி போன்ற குஞ்சுகள் வெளிவருகின்றன. இந்தக் காலம் முழுவதும் அந்த ஒரு முழ மண்ணை யாரும் கொத்தாமலும், அதன்மேல் சிமெண்டுக் கல் பதிக்காமலும் இருக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

இரவில் கைவிளக்கோடு போனால் இன்னொரு காட்சி. மெல்லிய கிளையின் நுனியில், உடல் வெளுத்து, கண்மூடி உறங்கும். பாம்போ வேறு எதுவோ கிளைவழியே வந்தால் நுனி அசைந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதாலேயே நுனியைத் தேர்கிறது என்று கருதுகிறார்கள். அறைப் பல்லியைப்போல வாலைக் கழற்றி எறிந்துவிட்டுத் தப்பும் வித்தை இதற்கு இல்லை. உடலைப்போல இருமடங்குக்கு மேல் நீண்ட அந்த வால் போனால் போனதுதான். சுருக்கிட்டு விளையாடும் பிள்ளைகளுக்கு இதையாவது யாரேனும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கார ஆஜி என்னைப் பார்த்துச் சிரிப்பார். அவர் சொல்லித்தான் மராட்டியப் பழமொழி ஒன்றைக் கற்றேன்: ‘சரட்யாச்சி தாவ் கும்பணாபர்யந்த்.’ ஓணானின் ஓட்டம் வேலிவரைதான் என்று பொருள். ஆற்றல் குறைந்தவன் எவ்வளவு குதித்தாலும் ஓர் எல்லையோடு நின்றுவிடுவான் என்பது கருத்து. நம்மிடமும் ஓணானுக்கு வேலி சாட்சி என்ற பழமொழி உண்டு. கோதாவரிக்கு இப்பாலும் காவிரிக்கு அப்பாலும் வாழ்ந்த உழவர்கள், ஒருவரையொருவர் கேட்காமலே, ஓணானைக் கொண்டுபோய் வேலியிலேயே வைத்திருக்கிறார்கள். இருவரும் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஓணானின் ஓட்டம் வேலிவரை என்பதில் ஏளனம் இருக்கலாம். ஆனால் அது முழு உண்மை. வெயில் காயும் மேடையும், பகைக்கு மறைவிடமும், உறங்கும் கிளையும், முட்டையிடும் மண்ணும் அதற்கு வேலியிலேயே கிடைக்கின்றன.

அந்த மராட்டியச் சொல் இன்று உலக அறிவியலில் ஏறியிருக்கிறது. தொண்டையில் விசிறிபோன்ற வண்ணத்தோலை விரித்துக் காட்டும் ஓணான்கள் உண்டு. தக்காணத்து மேட்டுநிலங்களில் கோடையில் காணலாம். 2016-ல் தீபக், வரத் கிரி முதலிய ஆய்வாளர்கள் அவற்றை ஆராய்ந்து, ஒரு பகுதியைப் புதிய பேரினமாகப் பிரித்தபோது அதற்கு இட்ட பெயர் ‘சரடா’. அதிலிருந்து பிரிந்த பழைய பேரினமான சித்தானாவின் முதல் இனத்துக்கு 1829-ல் பிரெஞ்சு அறிஞர் குவியே வைத்த பெயரிலோ நம் புதுச்சேரி இருக்கிறது: சித்தானா பாண்டிசெரியானா.

தோட்டத்து ஓணானுக்கும் புதுச்சேரிக்கும் உள்ள உறவு இன்னும் சுவையானது. 1802-ல் தோதேன் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குப் பல நிறமுடையது என்னும் பொருள்பட வெர்சிகலர் என்று பெயரிட்டார். ஈரானின் எல்லையிலிருந்து தென்கிழக்கு ஆசியாவரை காணப்பட்ட தோட்டத்து ஓணானெல்லாம் இருநூறு ஆண்டுகளாக அந்த ஒரே பெயருக்குள் அடைபட்டுக் கிடந்தன. எல்லாம் ஒன்றுதானா என்ற ஐயம் எழுந்தபோது பெரிய தடை ஒன்று குறுக்கிட்டது. முதற்பெயருக்கு ஆதாரமான மூலமாதிரி இல்லை. அது எந்த ஊரில் பிடிபட்டது என்பதிலும் தெளிவு இல்லை. ஆதாரப் பத்திரம் தொலைந்த நிலத்தை எப்படிப் பாகம் பிரிப்பது? 2016-ல் கௌரங் கோவண்டே, மிஸ்ரா, மிர்சா என்ற மூவர் புதுச்சேரியிலிருந்து கிடைத்த ஓர் ஓணானைப் புதிய மூலமாதிரியாக நிறுவினர். 1883-ல் தொடங்கிய மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் அது 1855 என்ற எண்ணோடு இருக்கிறது. பத்திரம் கிடைத்தபின் பாகம் பிரிந்தது. 2021-ல் கோவண்டே முதலிய குழுவினர் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, ஒன்றென்று நினைத்தது பல இனங்களின் கூட்டம் என்று காட்டினர். தென்னிந்தியாவில் வாழ்வதற்கே வெர்சிகலர் என்ற பெயர் முறையாக நின்றது. கங்கைச் சமவெளியின் கிழக்குப் பகுதியில் உள்ளதற்கு, 1825-ல் ஹார்லன் இட்டு எல்லாரும் மறந்துவிட்ட வல்டுவோசஸ் என்ற பெயர் திரும்ப வந்தது. பாகிஸ்தானில் கிளையினமாகக் கருதப்பட்டது தனி இனமாயிற்று.

இந்தியாவில் இதைவிடப் பழகிய பல்லியினம் உண்டா? கல்லெறிந்து எறிந்து கை சலித்த உயிர் இது. அதன் பெயர்க் கணக்கைத் தீர்க்க 2021 வரை ஆயிற்று. காரணம் ஒன்றே: எங்கும் இருப்பதை எவரும் எழுதிவைப்பதில்லை. புலிக்கு எண்ணிக்கை உண்டு, அடையாள எண் உண்டு, படப்பெட்டிகள் காட்டிலே காவலிருக்கின்றன. ஓணானுக்கு யார் இருக்கிறார்கள்? ஓர் இனம் எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு, ஊரும் நாளும் குறித்த நூறு சாதாரணப் படங்கள் தரும் துணை பெரிது. அந்தப் படங்களை எடுக்கக்கூடிய கருவி நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருக்கிறது.

படம் எடுப்பது எப்படி? அழகுக்காக எடுப்பவர்கள் முகத்தை மட்டும் எடுக்கிறார்கள். பின்புறம் மங்கலாக, பொன்வெயிலில். பார்க்க நன்றாக இருக்கும். அறிவுக்கு வேண்டியது விலாப்பக்கம். செவிக்கு மேலே ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் இரண்டு முட்கள் தெரிய வேண்டும். உடலின் பக்கத்துச் செதில்கள் நுனி மேல்நோக்கியும் பின்நோக்கியும் சாய்ந்திருப்பது தெரிய வேண்டும். தோளுக்கு முன்னால் தோலில் மடிப்பு உண்டா என்றும் பாருங்கள். மடிப்பு இருந்தால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டின் வேறோர் ஓணானாக இருக்கலாம். லோணாவளாப் பக்கம் மழைக்காலத்தில் போகிறவர்கள் இதை மறக்க வேண்டா. ஓணானின் உயரத்துக்குக் குனிந்து, இரண்டு மூன்று பாக தூரத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். நின்று நெருங்குகிறவனிடமிருந்து அது கிளையின் மறுபுறம் சுற்றிக்கொள்ளும். அமர்ந்திருப்பவனைக் கால் மணி நேரத்தில் மறந்துவிடும். நாள், நேரம், இடம், வெயிலா நிழலா, என்ன செய்துகொண்டிருந்தது என்ற ஐந்தையும் அன்றே எழுதிவிட வேண்டும். நாள் குறித்த மங்கலான படம் நாள் குறிக்காத அழகிய படத்தைவிட உயர்ந்தது. 2008-ல் அமெரிக்க மாணவர்கள் சிலர் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற பொதுப் பதிவேட்டில் இப்படங்களைச் சேர்க்கலாம். வீட்டின் இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைக்கும் வசதியும் அதில் உண்டு. தனியே குடியிருக்கும் மாணவியர் அதைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பிடிக்கக் கூடாது. அசையாமல் நிற்பதற்காகக் குளிர்ப்பெட்டியில் வைத்து விறைக்கச்செய்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நூலால் கட்டுகிறவர்களும், நிறம் மாறட்டும் என்று குச்சியால் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சுருக்குக்கும் மூக்குப்பொடிக்கும் இவற்றுக்கும் என்ன வேறுபாடு? அந்தப் பிள்ளைகளுக்காவது வயது பத்து. குழி பறிக்கும் பெண்ணைக் கண்டால் படத்தை மறந்து பின்வாங்குவதே முறை. குழியை விட்டு ஓடினால் அந்த உழைப்பு வீண்.

இனி வேலிக்கு வருகிறேன். எங்கள் தெருவில் பழைய தோட்டவீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகள் எழுகின்றன. எழட்டும், நாம் குடியிருக்க அறை வேண்டுமே. ஆனால் வேலி இருந்த இடத்தில் பளிங்கு போன்ற மதில் வருகிறது. மண் இருந்த இடத்தில் கல் பதிக்கிறார்கள். மிச்சமுள்ள இடத்தில் கம்பளம் விரித்தாற்போலப் புல் வளர்த்து, பூச்சி வராமல் மருந்தடித்து, தோட்டம் என்று பெயர்ப்பலகை வைக்கிறார்கள். ஓணானுக்கு உணவும் இல்லை, முட்டையிட மண்ணும் இல்லை. ஒரு குடியிருப்பில் நல்ல மருதாணி வேலியைச் சரியாக ஜூலையில் வேரோடு எடுத்தார்கள். மண்ணோடு முட்டைகளும் வண்டியேறின. ‘சுத்தமாக இருக்கிறது’ என்றார் அங்குள்ள பெரியவர் ஒருவர். சுத்தமாகத்தான் இருந்தது.

இது எங்கும் வாழும் உரமுள்ள உயிராயிற்றே, அழிந்தா போகும் என்று கேட்கலாம். அழியாது என்றே நானும் எண்ணுகிறேன். 1980-களில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த இந்தத் தோட்டத்து ஓணான் வகை, அங்குள்ள பச்சைக்கொண்டை ஓணானைத் தோட்டங்களிலிருந்து ஒதுக்கிவிட்டுப் பெருகியிருக்கிறது. அவ்வளவு பிழைக்கத் தெரிந்தது. ஆனால் பிழைத்திருப்பது வேறு, பழையபடி வாழ்வது வேறு. சாத்தாரா மாவட்டத்துச் சால்கேவாடி மேட்டில் காற்றாலைகள் நட்ட இடத்தையும் நடாத இடத்தையும் ஒப்பிட்டு மரியா தாக்கர் முதலியோர் 2018-ல் எழுதினர். காற்றாலை உள்ள பக்கம் வேட்டைப் பறவைகள் குறைந்தன. விசிறித்தொண்டைச் சரடாக்கள் பெருகின. பெருகியும், ஆண்களின் வண்ணம் மங்கியது; அச்சமும் குறைந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர் நலமே என்றிருப்பார். நின்று பார்த்தவர்களுக்கு அது வேறோர் ஓணானாகிவருவது தெரிந்தது. புனேத் தோட்டங்களில் என்ன நேர்கிறது என்று சொல்ல, முன்பு எப்படி இருந்தது என்று எழுதிவைத்தவர் யார்?

ஆகவே மன்றத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. வாடகைக்கு வீடு பிடித்திருப்பவர்கள் வீட்டுக்காரரிடமும் மாலியிடமும் பேசி, ஜூன் முதல் செப்டம்பர் வரை வேலியடியில் ஒரு முழ அகலத்துக்கு மண்ணைக் கொத்தாமல் விடச் செய்யுங்கள். மராட்டியில் பேசினால் காரியம் எளிது. ‘சரடா’ என்றாலே முதலில் சிரிப்பார்கள், பிறகு அவர்களே கதை சொல்லத் தொடங்குவார்கள். இரண்டாவது, ஆண்டுதோறும் சிங்ககட் கோட்டைக்குப் போகும் சுற்றுலாவுக்குக் குறைவு வைக்காமல், மாதத்தின் முதல் ஞாயிறு காலை எட்டிலிருந்து ஒன்பது வரை அவரவர் வேலியைப் பார்த்து மன்ற ஏட்டில் பதிவோம். ஆண், பெண், குஞ்சு, நிறம், இடம் என்று கட்டம் போட்டிருக்கிறேன். விடுதி மாணவர்கள் வளாகத்து வேலிகளை எடுத்துக்கொள்ளலாம். முதன்மைச் சாலையை ஒட்டிய பக்கத்துக்கு இன்னும் ஆள் இல்லை. ஏடு மன்ற அறையில் கேரம் பலகைக்குப் பக்கத்து அலமாரியில், மேல்தட்டில் இருக்கிறது. பேனாவை அவரவர் கொண்டுவர வேண்டும்.